ஆஸ்டினில் கேட்ட கச்சேரி, தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அக்கா அனுப்பிய வீடியோவைப் பார்த்திருப்பாய், அதில் பாதி நேரம் யாரோ ஒருவருடைய தொப்பிதான் தெரிகிறது, அதனால் நானே எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளை எங்களை சவுத் லாமர் சாலையில் இருக்கிற ப்ரோக்கன் ஸ்போக் என்கிற நடன மண்டபத்துக்குக் கூட்டிப்போனார், அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு மாதிரி கன்ட்ரி என்று ஒன்று, அதைப் பாடி ஆடுகிற இடம். இரண்டு பக்கமும் புது அடுக்குமாடிகள், நடுவில் மாட்டுக்கொட்டகை மாதிரி தாழ்வாக ஒரு கட்டடம். ஜேம்ஸ் வைட் என்பவர் ராணுவத்திலிருந்து திரும்பிய கையோடு 1964ல் தொடங்கிய இடம், 2021ல் அவர் காலமாகிவிட்டார். கன்ட்ரி பாடகர்களில் பெரிய பேரான வில்லி நெல்சன் எல்லாம் அங்கே பாடியிருக்கிறார். நாங்கள் போன அன்று பெரிய பேர் யாரும் இல்லை, உள்ளூர்க் குழு, ஐந்து பேர்.

உள்ளே நீளமாக ஒரு ஆடுகளம், ஓரங்களில் மேசைகள், கோடியில் மேடை, கூரை கைக்கு எட்டிவிடும் போல அவ்வளவு தாழ்வு. நான் கச்சேரி கேட்கிற மாதிரி நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். என்னைத் தவிர யாரும் மேடையைப் பார்க்கவே இல்லை! எல்லாரும் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டு ஒரே திசையில் சுற்றி வருகிறார்கள், கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக. வேகமாக ஆடுகிறவர்கள் வெளிவட்டம், தடுமாறுகிறவர்கள் உள்ளே. இரண்டு அடி வேகம், இரண்டு அடி நிதானம், டூ ஸ்டெப் என்கிற அந்த ஆட்டம் அவ்வளவுதான். எழுபது வயதுக்காரர் ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கல்லூரிப் பெண்ணுக்கு அடி எடுத்துவைக்கச் சொல்லிக்கொடுத்தார், அடுத்த பாட்டுக்கு வேறொருத்தியுடன் போய்விட்டார், யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டெல்லாம் என்ன தெரியுமா, மனைவி விட்டுப் போய்விட்டாள், குடித்துக்கொண்டிருக்கிறேன், தூக்கம் வரவில்லை! அதற்குத்தான் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள்.

கன்ட்ரியில் இந்த வகைக்கு ஹாங்கி டாங்க் என்று பேர், அது கூச்சலில் பிறந்ததாம். 1933ல் மதுவிலக்கு போனதும் டெக்சாஸில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஊர்களில் குடிக்கடைகள் பெருகின, அந்தச் சத்தத்தில் சாதாரணக் கிதாரும் ஃபிடிலும் காதில் விழவில்லை, அதனால் மின்சாரக் கிதார் வந்தது. எர்னஸ்ட் டப் என்பவர் 1941ல் போட்ட பாட்டில்தான் அது பெரிதாகப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை சொன்னதில் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த பேஸ்காரரைப் பற்றி. வயலினைப் பெரிதாக்கின மாதிரி ஆளுயர பேஸ், கீழ் ஸ்தாயி வாசிக்கிறது, நின்றுகொண்டு விரலால் இழுக்கிறார். ச, ப, ச, ப. ராத்திரி முழுக்க அதேதான், ஸ்வரம் மாறும்போது நடுவில் இரண்டு படி ஏறுவார், இறங்குவார். உன் ஆர்கெஸ்ட்ராவில் உன்னை அப்படி வாசிக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், எனக்குத் தெரியும். ஆனால் கீழே அத்தனை கால்களும் அவர் விரலில்தான் நிற்கின்றன. பாடுகிறவரும் தாளில் எழுதி வைத்திருக்கிற வரிசைப்படி பாடவில்லை, களத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பாட்டை எடுக்கிறார். வயதானவர்களுக்கு மூச்சு வாங்கினால் உடனே திஸ்ர நடையில் ஒரு வால்ட்ஸ், கூட்டம் உட்கார்ந்துவிட்டால் வேகமாக ஒன்று. மேடையில் ஐந்து பேருக்கும் கண் கீழேதான். திருவிழாக்களில் நீங்கள் ஏன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிக்கிறீர்கள்?

அப்பா வேறு உலகத்தில் இருந்தார். ஒருவர் உட்கார்ந்து பெடல் ஸ்டீல் வாசித்தார், மேசை மாதிரி கிடக்கும், ஒரு வரிசைக்குப் பத்துத் தந்தி, இடது கையில் இரும்புத் துண்டு. நம் கோட்டுவாத்தியத்தில் தந்தி மேல் கட்டையை வழுக்குவது போலத்தான், கமகம் கமகமாக விழுகிறது, அடாடா. இடைவேளையில் அப்பா முட்டிவலியையும் பார்க்காமல் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கம்பிகளும் ஸ்ப்ரிங்குகளுமாக ஒரு தொழிற்சாலையே இருக்கிறது. காலால் ஒரு பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்தி மட்டும் இறுகி ஸ்வரம் ஏறும், முழங்காலால் தள்ளுகிற நெம்புகோல்கள் வேறு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொரு காலுக்குத் தனியாக ஒரு பெடல். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்த மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அந்த ஆள் பகலில் ஏசி ரிப்பேர் செய்கிறவராம், இருவரும் அக்காவை மொழிபெயர்க்க வைத்துப் பேசித் தீர்த்துவிட்டார்கள்.

கடைசியில் அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார், எவ்வளவு கிடைக்கும் என்று. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, அப்புறம் மேடை ஓரத்து வாளியில் விழுகிறது, இரண்டையும் அன்று ராத்திரியே எண்ணிப் பிரித்துக்கொள்கிறார்கள். போன ஆடியில் உங்களுக்கு மிச்சப் பணம் தராமல் அலைக்கழித்தார்களே, அதை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் வாளியில் இருபது டாலர் போட்டார். அவர்! இருபது டாலர்!

நான் ஆடவில்லை, அக்கா எவ்வளவோ இழுத்தாள். புடவையோடு வெளிவட்டத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது.

அடுத்த வெள்ளி மறுபடியும் போகிறோம், இந்தத் தடவை பேஸ்காரரின் இடது கையைப் பக்கத்திலிருந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போன மாசம் தந்தி கேட்டாயே, எந்த நம்பர் வாங்க வேண்டும் என்று எழுதி அக்காவுக்கு அனுப்பு, இங்கே கடை பார்த்து வைத்திருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா