தொடக்கக் கல்வி அதிகாரிகளுக்கு: வாராந்திரப் பதிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வி அதிகாரிகளுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரப் பாடத்தைக் கற்றுவிட்டாரா என்று வெள்ளிதோறும் நாங்கள் குறித்து அனுப்பும் வாராந்திரக் கற்றல் அடைவுப் பதிவு பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை வடிவமைத்தவர்களே நீங்கள்தான். என் இரண்டாம் வகுப்பின் கழித்தல் அடைவு முந்தைய வாரத்தைவிடக் குறைந்தது ஏன் என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. பதிலைக் கொஞ்சம் விரிவாக, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பொறுத்தருளுங்கள்.

குறைந்தது உண்மைதான்.

அந்தத் திங்கட்கிழமை கடன் வாங்கிக் கழித்தலைத் தொடங்கினோம். 42-இல் 17 போக எவ்வளவு என்று கேட்டால், புதிதாகக் கற்கும் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிடுவார்கள். கவனக்குறைவு அல்ல அது. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் முன்பு சொல்லித்தந்ததை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை குச்சிகளை எடுத்தோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. "இதிலிருந்து பதினேழு குச்சி கொடு" என்றேன். ஒரு சிறுமி ஒரு கட்டைக் கொடுத்தாள், உதிரி இரண்டையும் கொடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும். அடுத்த கட்டின் ரப்பர் பேண்டில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிரிக்கலாமா, கூடாதா? கடன் வாங்குதல் என்ற பாடம் மொத்தமும் அந்த விரலில்தான் இருந்தது. அவளாகப் பிரிக்க வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது.

பாடவேளை முடியப்போகிறது, உங்கள் செயலியில் ஏற்ற வேண்டிய வகுப்புச் செயல்பாட்டுப் புகைப்படம் இன்னும் ஏற்றவில்லை. கைபேசியை எடுத்தேன். செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் இருந்த பையன் பொறுமை இழந்து கட்டைப் பிரித்துக் குச்சிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகைப்படம் நன்றாகவே வந்திருக்கிறது. உங்கள் சர்வரில் இருக்கும், பாருங்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள். அதை 3 நொடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மூன்றே நொடி! செயலி திறக்கவே அதைவிட நேரமாகிறது.

சரி, அடைவுக்கு வருகிறேன். வியாழக்கிழமைக்குள் பாதிப் பேருக்கு மேல் கடன் வாங்கப் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் என்ன செய்வார்கள்? எல்லாக் கணக்கிலும் வாங்குவார்கள். 48-இல் 13 போக எவ்வளவு என்பதற்குக் கடனே தேவையில்லை. ஆனாலும் 4-ஐ அடித்து 3 ஆக்கி, 8-ஐ 18 ஆக்கி, 15-ஐயும் பக்கத்தில் 2-ஐயும் எழுதி, 215 என்று பெருமையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். முந்தைய வாரம் இதே கணக்குக்கு 35 என்று சரியாக எழுதியவர்கள்தான். இந்தக் குழப்பம் தெளிய எப்போது கடன் வேண்டும், எப்போது வேண்டாம் என்று கலந்து கலந்து போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. 'அடைந்தார்', 'அடையவில்லை' என்று இரண்டே கட்டங்கள். 215-ஐ எந்தக் கட்டத்தில் போடுவது?

ஆக, என் விளக்கம் இதுதான்: பிள்ளைகள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதால் அடைவு குறைந்தது. வாராந்திரப் பதிவை மாதம் ஒருமுறையாக மாற்றுங்கள் என்பதே என் கோரிக்கை. படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னை வைத்தே அளந்து எழுதிவிட்டார். வியாழன் சொல்லித்தந்ததை வெள்ளியன்று சோதித்தால் ஒரு நாள் தங்கியது தெரியும், அவ்வளவுதான். நான்கு வாரம் கழித்துக் கேளுங்கள், நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வாரா வாரம் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. புதிதாக எதையும் தொடங்காமல், தெரிந்த கணக்கையே ஆண்டு முழுக்கப் போட வைக்கலாம். உங்கள் திரை பச்சைப் பசேல் என்று இருக்கும். நடுவே உறுதிமொழிக்கு ஒரு படம், விழிப்புணர்வு வாரத்துக்கு ஒரு படம், 'மிக அவசரம்' என்று பாடவேளையின் நடுவில் வரும் பட்டியலுக்கு ஒரு படம் என்று அனுப்பிக்கொண்டிருந்தால் பள்ளியும் சிறப்பாக நடப்பதாகவே தெரியும். பிள்ளைகள் எதற்கு வருகிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1966-இல் தந்த பரிந்துரையில், மேற்பார்வை என்பது ஆசிரியரின் சுதந்திரத்தையும் முன்முயற்சியையும் குறைக்கக் கூடாது என்று இருக்கிறது. மேற்பார்வையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரில் வாருங்கள், பின்வரிசையில் ஒரு பாடவேளை உட்காருங்கள்.

பதிவை மாதம் ஒருமுறையாக மாற்றித் தருமாறு பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஆணை, ஒப்புதல் என்று நாளாகுமானால், அதுவரை 'கற்றுக்கொண்டிருக்கிறார்' என்று மூன்றாவதாக ஒரு கட்டமாவது சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், அடுத்த வாரம் பெருக்கலைத் தொடங்குகிறேன். அடைவு மறுபடியும் குறையலாம். அதற்கான குறிப்பாணையையும் இப்போதே அனுப்பிவிட்டால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுவேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி