மார்ச்சில் பிரிந்தவர்களுக்கு, செப்டம்பருக்கு முன்

2007 மே 27

அமெரிக்கப் போர் எதிர்ப்பு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நாளை போரில் மாண்டோர் நினைவு நாள். ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 3,400-ஐத் தாண்டிவிட்டது; ஈராக்கியரின் சாவுகளை ஒழுங்காக எண்ணுவார்கூட இல்லை. நேற்று முன்தினம் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம், செப்டம்பர் இறுதிவரையான போர்ச் செலவுக்கு ஏறத்தாழ 9,500 கோடி டாலரை, படைகள் திரும்பும் நாள் எதையும் குறிப்பிடாமல், எடுத்துக் கொடுத்துவிட்டது. இந்த இடத்துக்கு நாம் வந்து சேர்ந்ததில் உங்கள் எல்லோருக்கும், எனக்கும், பங்கு உண்டு என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வியாழன் மாலைதோறும் தபால் நிலையத்தின் முன் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும் சிறு குழு ஒன்று இருக்கிறது. மார்ச் 22 அன்று, அதாவது படைகள் திரும்பும் தேதியைக் குறித்த போர் நிதி மசோதா மீது பிரதிநிதிகள் சபை வாக்களிப்பதற்கு முந்தைய மாலை, மகன் ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் பணியாற்றும் ஒரு தாய், "ஒரு தேதியாவது இருக்கட்டுமே" என்றார். அந்த மகனை அங்கே வைத்திருப்பதற்கான பணமும் அதே மசோதாவில்தானே இருக்கிறது என்று, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார். இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அடுத்த வியாழனிலிருந்து எங்கள் குழு சாலையின் இரு பக்கங்களிலும் பிரிந்து நிற்கிறது.

மறுநாள் அந்த மசோதா 218-க்கு 212 என்ற கணக்கில் நிறைவேறியது. 12,400 கோடி டாலர் ஒதுக்கீடு. 2008 ஆகஸ்ட் முடிவதற்குள் போரிடும் படைகள் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை. வாக்குகளைச் சேர்ப்பதற்காகப் பசலைக்கீரை விவசாயிகளுக்கு இரண்டரைக் கோடி டாலரும், நிலக்கடலையைச் சேமித்து வைக்க ஏழு கோடிக்கு மேலும் அதில் செருகியிருந்தார்கள் என்பதை, இன்றும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்தான் நினைத்துக்கொள்கிறேன். போரை எதிர்த்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களான பார்பரா லீ, மேக்சின் வாட்டர்ஸ், லின் வூல்சி போன்றோர் தாங்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆனால் தம்மோடு இருந்த மற்றவர்கள் ஆதரித்து வாக்களிப்பதைத் தடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை அமைப்புகளிடம் இருக்கவில்லை.

மசோதாவை ஆதரித்தவர்களுக்கு முதலில் சொல்கிறேன், நானும் அந்தப் பக்கம் நின்றவன் என்பதால். இணையவழி இயங்கும் மூவ்ஆன் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு, ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஆதரவு என்று அறிவித்தது. ஆனால் பணத்தைப் படைகளைப் பாதுகாப்பாகத் திரும்ப அழைப்பதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற பார்பரா லீயின் திருத்தம் அந்தக் கேள்வித்தாளில் ஒரு தெரிவாக வைக்கப்படவில்லை. அதைவிடப் பெரிய குறை, அதிபரின் வீட்டோ, அதாவது மசோதாவை அவர் நிராகரிப்பது, வந்த மறுநாள் என்ன செய்வோம் என்பதை நாம் யாருமே சொல்லாததுதான். வீட்டோ வரும் என்பது அதிபரே முன்கூட்டிச் சொன்ன செய்தி. அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்காது என்பதும் தெரிந்ததே. மே 1 அன்று வீட்டோ வந்தது, மறுநாள் 222-க்கு 203 என்று முறியடிப்பும் தோற்றது. அதற்கு அப்பால் நம் கையில் எதுவும் இல்லை.

யுனைடெட் ஃபார் பீஸ் அண்ட் ஜஸ்டிஸ், கோட் பிங்க் போன்ற, எதிர்த்து நின்ற அமைப்புகளுக்கு: போருக்குப் பணம் கொடுக்கத்தான் 218 வாக்குகள் வேண்டும், நிறுத்த எதையும் நிறைவேற்றவே வேண்டாம் என்று நீங்கள் சொன்னது அரசமைப்பின்படி முற்றிலும் சரி. ஆனால் மார்ச் மசோதா தோற்றிருந்தால், குடியரசுக் கட்சியினரோடு சில பத்து ஜனநாயகக் கட்சியினர் சேர்ந்து நிபந்தனையற்ற மசோதா ஒன்றை நிறைவேற்றுவதைத் தடுக்க உங்களிடம் என்ன வழி இருந்தது? மே 24 அன்று நடந்தது அதுவேதான்: சபையில் 280-க்கு 142, செனட்டில் 80-க்கு 14.

1973-ஐ உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கம்போடியா மீதான குண்டுவீச்சுக்குப் பணத்தை நிறுத்திய மசோதாவை ஜூன் மாதம் அதிபர் நிக்சன் வீட்டோ செய்தபோது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸால் அதை முறியடிக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தடையை மறுபடி மறுபடி வேறு மசோதாக்களோடு இணைப்போம் என்று செனட் பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் அறிவித்தார். அரசாங்கம் நடக்கப் பணம் வேண்டியிருந்த நிக்சன், ஆகஸ்ட் 15 என்ற நாளுக்கு உடன்பட்டார். அதுவும் ஒரு சமரசம்தான். இன்னும் ஆறு வாரம் குண்டுகள் விழுந்தன, அந்த ஆறு வாரத்தில் இறந்தவர்களை நினைத்து அதை எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குறித்த நாளில் குண்டுவீச்சு நின்றது. இவ்வாண்டு, முதல் வீட்டோவுக்குப் பின் அந்தத் தேதியை மறுபடி இணைக்கும் துணிவு ஜனநாயகக் கட்சித் தலைமைக்கு இல்லை. இணைக்கச் சொல்லி நெருக்க நாமும் ஒன்றாக இல்லை.

மே 24-உம் ஒரு வியாழன். சாலையின் இரு பக்கமும் ஒரே வாசகம் எழுதிய அட்டைகள்: இந்த மசோதாவுக்கு வாக்களிக்காதீர்கள். மார்ச்சில் ஆதரித்த மூவ்ஆனும் இம்முறை எதிர்த்தது. ஆனாலும் சாலையைக் கடந்து வர யாருக்கும் மனம் வரவில்லை. நானும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

செப்டம்பரில் ஈராக்கில் நம் படைகளின் தளபதியான ஜெனரல் பெட்ரேயஸ் போர் நிலைமை பற்றி அறிக்கை தருவார். அந்த மாதத்தோடு இந்தப் பணமும் தீரும். அதற்குள் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் விடை தாருங்கள். எந்த வாசகம் இல்லாத நிதி மசோதாவை நாம் அனைவரும் எதிர்ப்போம்? அதை அதிபர் வீட்டோ செய்தால், அடுத்த வாரமே அதை எந்த மசோதாவோடு இணைக்கச் சொல்லிக் கேட்போம்? விடை ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். தபால் நிலையத்தின் முன் இரு பக்கத்தாருக்கும் அதைப் படித்துக் காட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வியாழன் மாலைகளில் கிழக்குப் பக்கம் நிற்கும் ஒருவன்