கல்யாணத்துக்கு 15 நாள் முன்னால் ஒரு மாரத்தான்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சிக்கு,

நீ மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தபோது கல்யாணத் தேதி முடிவாகியிருக்கவில்லை. இப்போது ஓட்டம் முடிந்த 15-ஆம் நாள் கல்யாணம். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "இந்த நேரத்துல காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று ஒருவர், "முகமெல்லாம் கறுத்துப்போயிடுமே" என்று இன்னொருவர். நீ என்னிடம் வந்து, "ஓடட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றாய்.

ஓடு. ஆனால் என்னால் ஒரே வார்த்தையோடு நிறுத்த முடியாது என்பது உனக்கே தெரியும். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

முதலில் கால் விஷயம். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை ஓட்டத்தன்று திடீரென்று வருவதில்லை. வாராவாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் மாதங்களில்தான் முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் குதிகால் தசைநாரும் மெல்ல மெல்ல நோகத் தொடங்கும். நீ அந்த மாதங்களைத் தாண்டிவிட்டாய். 30, 32 கிலோமீட்டர் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துவிட்டன. பயப்பட வேண்டிய காலத்தில் யாரும் பயப்படவில்லை. கிட்டத்தட்ட எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டில் பதறுகிறார்கள். பயிற்சி அரைகுறையாக இருந்திருந்தால் "பேசாமல் 10 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்" என்று சொல்லியிருப்பேன். ஓட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு வாரம்தான் என்றால், எவ்வளவு பயிற்சி செய்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். 15 நாள் என்பது தாராளம் இல்லை, ஆனால் போதும்.

போதும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? தசைவலி ஓடின அன்றைக்கு அவ்வளவாகத் தெரியாது. அடுத்த நாள் ஏறி, இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை, ஏனென்றால் அடி வாங்கியிருப்பது முன்தொடைத் தசை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிப் பின்பக்கமாக இறங்கிப் பார், பாதி வலி குறையும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த நாட்களில் கல்யாணத்துக்குச் செருப்பு வாங்க மட்டும் கிளம்பிவிடாதே. வீங்கின பாதத்துக்குக் கச்சிதமாக இருப்பது கல்யாணத்தன்று தொளதொளவென்று கிடக்கும்.

அடுத்து, நேரக் கணக்கு. 4 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாயே, அந்தத் தாளைக் கிழித்துப் போடு. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். உன்னால் முடியாது என்று சொல்லவில்லை, முடியும். ஆனால் உச்ச வேகத்தில் ஓடுகிறவள், 32-ஆவது கிலோமீட்டருக்கு மேல் உடம்பு கெஞ்சும்போது கால் இழுத்துக்கொண்டாலும் விடமாட்டாள். அங்கேதான் காயம் படுகிறது. கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாகப் போ. நீண்ட பயிற்சி ஓட்டம் ஒன்றைக் கூட்டத்தோடு ஓடுகிறோம் என்று நினைத்துக்கொள். நேரம் பார்த்து ஓட அடுத்த வருடம் இருக்கிறது, அதற்கடுத்த வருடமும் இருக்கிறது.

எனக்கு உண்மையில் கவலை டேப்பரைப் பற்றித்தான். கடைசி இரண்டு மூன்று வாரம் ஓடும் தூரத்தைப் பாதி அளவுக்குக் குறைத்து, வேகத்தை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, உடம்பை ஆறவிடுகிறோம் அல்லவா? அதே வாரங்களில்தான் கல்யாண வேலை உச்சத்தில் இருக்கும். கடை கடையாக ஏறி இறங்குவது, மண்டபத்தில் நின்றுகொண்டே பேசுவது, ராத்திரி ஒரு மணிவரை அழைப்புப் பட்டியலைத் திருத்துவது. ஓடுவதைக் குறைத்துவிட்டு, குறைத்ததற்கு மேலேயே நின்றும் நடந்தும் தீர்த்தால் அது டேப்பரே இல்லை. கைக்கடிகாரம் "இன்று 6 கிலோமீட்டர் ஓடினாய்" என்று காட்டும், ஏழு மணிநேரம் நின்றதைக் காட்டாது. அதனால் ஓட்டத்துக்கு முந்தைய பத்து நாள் அலைச்சலை மற்றவர்களிடம் தள்ளிவிடு. பந்தல்காரரைப் பார்க்க நான் போகிறேன். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலையை மட்டும் நீ வைத்துக்கொள்.

தூரத்தைக் குறைக்கும்போது மனமும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், இல்லாத முழங்கால்வலி இருப்பதுபோல் தோன்றும். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. கல்யாணம் நெருங்கும்போதும் இதே எரிச்சல்தான். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க மெனக்கெடாதே. அந்த வாரத்தில் எதற்கும் பெரிய முடிவு எடுக்காமல் இரு, அவ்வளவுதான்.

சரி, இப்போது தோலும் நகமும். இதைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். கல்யாணப் பெண்ணுக்கு இதுதான் பெரிய விஷயம்.

உன் இடது மணிக்கட்டைப் பார். கடிகாரப் பட்டை இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் கறுத்து இருக்கும். கணுக்காலுக்கு மேலே சாக்ஸ் போட்ட கோடு, தோளில் பனியன் போட்ட கோடு. இதெல்லாம் இரண்டு வாரத்தில் மறையாது, மாதக்கணக்கில் படிந்தவை. இன்றிலிருந்தே கடிகாரத்தை ஒரு நாள் இடது கையிலும் ஒரு நாள் வலது கையிலும் கட்டு. மெல்லிய முழுக்கைச் சட்டை போட்டு ஓடு. ஓட்டத்தன்று சன்ஸ்கிரீனைக் கிளம்புவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே பூசிவிடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும் என்பதால் சின்ன ட்யூப் ஒன்று இடுப்புப் பையில் இருக்கட்டும். முகத்துக்குத் தோல் உரிக்கிற மாதிரியான சிகிச்சை எதையும் ஓட்டத்துக்கு முன்னால் செய்துகொள்ளாதே. புதுத் தோல் வெயிலைத் தாங்காது. வேக்சிங்கும் அப்படித்தான், ஓட்டத்துக்கு முந்தின இரண்டு மூன்று நாள் வேண்டாம். முடி எடுத்த இடத்தில் வியர்வையும் உரசலும் சேர்ந்தால் கொப்புளிக்கும்.

உரசலைக் குறைத்து நினைக்காதே. ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டையும் தோள்பட்டையும் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உரசினால் தோல் வழண்டு சிவப்புக் கோடு விழும். குளிக்கும்போதுதான் தெரியும், அலறுவாய். காய்ந்த பிறகும் கொஞ்ச நாள் தழும்பாக நிற்கும். நீ போடப்போகும் உடையில் முதுகும் தோளும் தெரியும் என்றாயே, அதனால் அக்குள், மார்புப் பட்டை, உள்தொடை எல்லா இடத்திலும் வாஸ்லினைத் தாராளமாக அப்பிக்கொள். அன்றைக்குப் புதுசாக எதையும் போடாதே. பத்துத் தடவையாவது துவைத்த பழைய பனியனே உத்தமம்.

கால் நகத்தை இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நேர்கோட்டில் ஒட்ட வெட்டிவிடு. ஓரத்தை வளைத்து வெட்டாதே, சதைக்குள் குத்தும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லாத ஷூ என்றால், இறக்கத்தில் நகம் முன்னால் இடித்து இடித்து அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். கறுத்த நகம் விழுந்து புது நகம் முழுசாக வளர ஒரு வருடம்கூட ஆகும், 15 நாள் எந்த மூலைக்கு? அப்படி ஆகிவிட்டாலும் அழாதே, அடர்ந்த நிறத்தில் பாலிஷ் இருக்கிறது. பாதத்தில் நீர்க்கொப்புளம் வந்தால் மேல்தோலைப் பிய்க்காதே. அப்படியே மூடி வைத்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

அப்புறம், நிச்சயதார்த்த மோதிரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வா. நெடுநேரம் ஓடினால் விரல் வீங்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று, அதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கல்யாண உடைக்காக எடை குறைப்பதையும் மாரத்தானுக்குத் தயாராவதையும் ஒரே சமயத்தில் செய்யாதே. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் மாதவிடாய் தவறும், எலும்பு பலவீனமாகி அதில் மெல்லிய விரிசல்கூட விழும். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தார்கள், ஆண்களுக்கும் இது வரும் என்று சேர்த்தே சொன்னார்கள். இன்னொரு பக்கம், கடைசி இரண்டு மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடும்போது உன் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். கொழுப்பு இல்லை அது. மாவுச்சத்து தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது, அதன் ஒவ்வொரு கிராமும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நாளில் தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போனால் இடுப்பு இறுக்குகிறது என்று நீ கலங்கிப்போவாய். அளவு பார்ப்பதை ஓட்டம் முடிந்து ஐந்தாறு நாள் கழித்து வைத்துக்கொள்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்போது குடி, கடமைக்குக் குடிக்காதே. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையை ஓடுவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளாதே, சிறுநீரகத்துக்கு ஆகாது.

இனி சளி, காய்ச்சல். கால்வலியைவிட எனக்கு இதுதான் பயம். 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தான் ஓடியவர்களை டேவிட் நீமன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு விசாரித்தது. ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு அடுத்த வாரத்தில் சளி, தொண்டைவலி வந்திருந்தது. அதேபோல் பயிற்சி செய்தும் அன்றைக்கு ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். ஓட்டம் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது என்று பல வருடம் இதை வைத்துச் சொன்னார்கள். பிற்பாடு வேறு ஆராய்ச்சியாளர்கள் மறுத்தார்கள்: கூட்டம், பயணம், தூக்கக் குறைவு இவைதான் காரணமாக இருக்கும் என்றார்கள். யார் சொல்வது சரியோ, உனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏனென்றால் ஓட்டம் முடிந்த கையோடு நீ போகப்போவது உறவுக்கூட்டத்துக்குள், அதுவும் தூக்கம் இல்லாமல். அந்த ஒரு வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் உன்னை யாரும் எழுப்பக் கூடாது என்று வீட்டில் நானே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையும் கூட ஓட ஆசைப்படுகிறார் என்று சொன்னாய். பயிற்சி இல்லாமலா? பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்தரின் ஸ்விட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணோடு ஓடியது உனக்குத் தெரியும். அவரைப் பிடித்து வெளியே தள்ள வந்த போட்டி நிர்வாகியை, பக்கத்தில் ஓடிய அவருடைய காதலர் டாம் மில்லர் இடித்துத் தள்ளினார். எல்லோரும் பார்த்த அந்தப் புகைப்படத்தில் தெரிவது அதுவரைதான். மில்லர் சங்கிலிக்குண்டு எறிகிற வீரர். ஒரு பெண் ஓடும்போது என்னால் முடியாதா என்று பயிற்சியே இல்லாமல் வந்தவர். அந்தத் தள்ளுமுள்ளுக்கு அப்புறம் ஓடுகிற வழியிலேயே இரண்டு பேருக்கும் சண்டை. கோபத்தில் முன்னால் ஓடிப் போனவரைப் பிற்பாடு ஸ்விட்சர் தாண்டிப் போனார். அடுத்த வருடம் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது, ஆனால் அது நிலைக்கவில்லை. நம் மாப்பிள்ளை அந்த ரகம் இல்லை, தங்கமானவர். இருந்தாலும் கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றுச் செருப்போடு நிற்கச் சொல்.

கடைசியாக ஓர் ஒப்பந்தம். பாதியில் நிறுத்துவது எப்போது என்று இப்போதே முடிவு செய்துவிடுவோம், ஓடுகிற நேரத்தில் புத்தி வேலை செய்யாது. வலி இருக்கலாம், ஆனால் வலியால் நடை மாறக் கூடாது. மாறினால் அங்கேயே நிறுத்து. நெஞ்சு அடைத்தாலும் தலை சுற்றினாலும் அதே கதைதான். நான் 30-ஆவது கிலோமீட்டர் பலகை பக்கம் நிற்பேன், நீ வருவதை ஒரு நூறு மீட்டருக்கு முன்பிருந்தே பார்க்க முடியும். நீ நொண்டுகிறாயா இல்லையா என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் நிறுத்து என்று சொன்னால் வாதாடாமல் வந்து வண்டியில் ஏறிவிட வேண்டும். இதற்குச் சம்மதமா என்று பதில் போடு. சம்மதம் என்றால் வீட்டில் உனக்காக நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா