கடன் மனுவோடு சம்பளக் கணக்கையும் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில், கடனுக்குப் பயந்து பிள்ளைகளின் பட்டப்படிப்பைத் தடுக்காதீர்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் நம் மலேசிய அரசின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் வாங்கி மாஸ் காம் (ஊடகத் துறை) படித்த ஒரு பெண்ணின் தாய் நான். அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு கணக்கு என் வீட்டில் இருக்கிறது.

என் அப்பாவும் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள். அப்பாவுக்குத் தமிழ் நேசன் பார்க்காமல் பசியாற முடியாது. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 பிப்ரவரியில் நின்றபோது இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதே ஆண்டுதான் அவருடைய பேத்தி, பத்திரிகையாளராக வேண்டும் என்று தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். அக்டோபரில் உத்துசான் மலேசியா என்ற மலாய்ப் பத்திரிகையும் நின்றது (பிறகு வேறு கைக்கு மாறித் திரும்பி வந்தது, அது வேறு கதை). நாங்கள் எதையும் யோசிக்கவில்லை. கல்விக் கண்காட்சி மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கல்லூரிக்காரர், "அக்கா, மீடியா படிச்சா எங்கேயும் வேலை இருக்கு" என்றார். கடன் மனுவையும் அவரே பூர்த்தி செய்து கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளிப் படிப்பான எஸ்டிபிஎம் போகலாமா என்று கேட்டதற்கு, "அது ஒன்றரை வருஷம் வீண்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

2022இல் படிப்பு முடிந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. பத்திரிகை இல்லை, கடைகளுக்கு முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பதிவு போடும் வேலை. சம்பளம் 2,000 வெள்ளி (ரிங்கிட்). அந்த ஆண்டு மே மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆகியிருந்தது. ஆக, மூன்று வருடப் பட்டத்துக்குக் கிடைத்த கூடுதல் 500 வெள்ளி. எதிர்வீட்டுப் பையன் ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்த கையோடு தொழிற்சாலைக்குப் போனவன், ஓவர்டைம் சேர்த்து அவளுக்குச் சமமாக வாங்கிக்கொண்டிருந்தான்.

அவளுடைய கடன் 45,000 வெள்ளி, 15 வருடத் தவணை. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு உஜ்ரா என்ற நிர்வாகக் கட்டணத்தை ஒதுக்கி வைத்தால்கூட மாதம் 250. சம்பளத்தில் 11 விழுக்காடு இபிஎஃப் என்ற சேமநிதிக்குப் போய்விடும், அதாவது 220. அறை வாடகை 550. மிச்சத்தில் சாப்பாடு, எல்ஆர்டி ரயில், போன். எட்டு மாதம் கடனைக் கட்டவே இல்லை. நிலுவைக் கடிதம் எங்கள் தோட்டத்து வீட்டு முகவரிக்குத்தான் வந்தது. கடன் கட்டாதவர்கள் வெளிநாடு போகத் தடை என்பதை 2018இல் எடுத்துவிட்டதால், இனிக் கவலை இல்லை என்று எங்கள் பக்கத்தில் பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தடைதான் போனது, கடன் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. பிடிபிடிஎன் பணம் போதாமல், என் கணவரின் இபிஎஃப் இரண்டாம் கணக்கிலிருந்து 12,000 வெள்ளி எடுத்தோம். அதற்குக் கடன் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் வராது. லாரி ஓட்டுகிறவரின் முதுமைக் காசு அது.

அமெரிக்காவில் கல்வித்துறையே காலேஜ் ஸ்கோர்கார்ட் என்று ஓர் இணையத்தளம் நடத்துவதை மகள்தான் போனில் காட்டினாள். 2013இலிருந்து இருக்கிறதாம். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு நடுத்தரமாக என்ன வருமானம், எவ்வளவு கடன் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். லாபத்துக்கு நடக்கும் கல்லூரிகளுக்கு அங்கே ஓர் அளவுகோலும் வைத்தார்கள்: படித்தவரின் ஆண்டுக் கடன் தவணை, ஆண்டு வருமானத்தில் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது அடிப்படைச் செலவுபோக மிஞ்சும் வருமானத்தில் 20 விழுக்காட்டுக்குள். 2014இல் கொண்டுவந்து, 2019இல் நீக்கி, 2023இல் மறுபடியும் கொண்டுவந்த விதி அது. அந்த 8 விழுக்காட்டை என் மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 250 கட்ட வேண்டும் என்றால் 3,125 வெள்ளி சம்பளம் வேண்டும். மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு போன வருடம் அவள் வாங்கியது 2,600.

மாஸ் காம் படிக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. மகளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே இன்னொரு பெண் எஸ்டிபிஎம் எழுதிப் பினாங்கு யுஎஸ்எம் அரசுப் பல்கலைக்கழகத்தில் இதே துறை படித்தாள். அவள் கடன் 20,000 வெள்ளிதான். இரண்டு பேருக்கும் இன்று ஒரே மாதிரி வேலை, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். இதைச் சொன்னால் உடனே, "அதுக்குத்தான் மெடிக்கல் படிக்க வைக்கணும்" என்று ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கடன் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பதில் இல்லை.

பட்டமளிப்புக்கு முன்பு உயர்கல்வி அமைச்சின் படிவம் ஒன்றை மகள் இணையத்தில் நிரப்பியது நினைவிருக்கிறது. வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று அதில் கேள்வி. ஒவ்வோர் ஆண்டும் பட்டதாரிகளிடம் இப்படிக் கேட்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்பை முடித்தவர் என்ன வாங்குகிறார் என்ற எண் எங்கேயோ இருக்கத்தானே செய்கிறது? கடன் மனுவின் முதல் பக்கத்தில் அதை அச்சடித்து, பக்கத்திலேயே மாதத் தவணையையும் போட்டால் என்ன? அமைச்சு செய்யும்வரை, உங்கள் பத்திரிகையில் கல்லூரி விளம்பரம் போட வருகிறவர்களிடம் நீங்களாவது அந்த ஓர் எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

சின்னவன் இப்போது ஐந்தாம் படிவம். அவனுக்கும் கேமரா, வீடியோ என்றுதான் ஆசை. அடுத்த மாதம் அதே மண்டபத்தில் மறுபடியும் கல்விக் கண்காட்சி வைக்கிறார்கள். போகத்தான் போகிறோம். இந்தத் தடவை கால்குலேட்டர் என் கைப்பையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.