நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளைத் தமிழில் கையேடாக்கிச் சிறைவாசிகளுக்கு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சட்டத் தன்னார்வலர்,
சிதம்பரம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை,
எழும்பூர், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து 1980 நவம்பரில் ஓய்வு பெற்று, 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் மறைந்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்கள் சிறைவாசிகளின் உரிமை குறித்து எழுதிய தீர்ப்புகளின் சாரத்தை எளிய தமிழில் கையேடாக அச்சிட்டு, தமிழகத்தின் மத்திய சிறைகளிலும் கிளைச் சிறைகளிலும் அடைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே வழங்க ஆணையிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இந்தக் கோரிக்கையைத் தங்கள் துறையிடமே வைப்பதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, எங்கள் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்து, தலச்சேரியில் வழக்கறிஞராகத் தொழில் செய்த அவர், 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்ற குற்றச்சாட்டில் ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1952-இல் கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், உள்துறை ஆகியவற்றோடு சிறைத்துறையையும் கவனித்தார். சிறைக்கம்பிக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று பார்த்த ஒருவர் எழுதிய தீர்ப்புகள் என்பதால்தான் அவற்றுக்கு அத்தனை வலு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் கேட்பது புதிய சலுகை அல்ல. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன்னுடன் இருந்த இன்னொரு கைதியைத் தலைமைக் காவலர் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுப்பினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், கைதிகளுக்குச் சட்ட விழிப்புணர்வு கிடைக்க இந்தியில் கையேடு தயாரித்து வழங்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் மற்றும் அமர்வு நீதிபதியின் பொறுப்பில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட வேண்டும் என்றெல்லாம் கட்டளைகள் இடம்பெற்றன. டெல்லிச் சிறைக்கு இந்தி என்றால், புழலுக்கும் பாளையங்கோட்டைக்கும் தமிழ் என்பதே அத்தீர்ப்பின் நோக்கமாக இருக்க முடியும்.

கையேட்டில் முதலில் இடம்பெற வேண்டியது 1978-ஆம் ஆண்டின் மோத்திராம் வழக்கு. கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்த பிறகும், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்கப்பட்டார். அண்ணன் தம்பி முறையில் முன்வந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதுவும் மறுக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய்க்கு அவரது சொந்தப் பிணையில் விடுவிக்கச் சொன்ன கிருஷ்ணய்யர், பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதாகும் தமிழரோ மலையாளியோ அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். இன்று அந்தக் கேள்வி நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. நம் கட்டடங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்ய வந்த பீகார், ஒடிசா தொழிலாளர்களில் ஒருவர் கைதானால், அவருக்காக வீட்டு வரி ரசீதோடு நிற்க இங்கே யார் இருக்கிறார்கள்? உள்ளூர்க்காரர்களின் நிலையும் பெரிதாக மாறிவிடவில்லை. மகனுக்கு ஜாமீன் உத்தரவு வந்த பின்னும், ரேஷன் கார்டு நகலையும் ஆதார் நகலையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் நீதிமன்ற வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுச் செய்யலாம், அதற்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்பது அவர்களுக்கும் தெரிவதில்லை, உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் தெரிவதில்லை.

தீர்ப்பின் நகல் கைதிக்கு இலவசமாக உரிய நேரத்தில் சேர வேண்டும், மேல்முறையீட்டுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் வேண்டும் என்ற ஹோஸ்காட் தீர்ப்பும் (1978), வழக்கமாகக் கைவிலங்கு மாட்டுவதைத் தடுத்த பிரேம் சங்கர் சுக்லா தீர்ப்பும் (1980) அவசியம் சேர்க்கப்பட வேண்டும். பெண்கள் சிறைகளுக்கான பதிப்பில், ஓய்வுக்குப் பின் அவர் தலைமையேற்று 1987-இல் அறிக்கை அளித்த பெண் கைதிகள் குறித்த தேசிய நிபுணர் குழுவின் பரிந்துரைகளையும் இணைக்கலாம். பதவி போன பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசியும் எழுதியும் எளியவர்களின் பக்கம் நின்றவர் அவர். 1999-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அந்தப் பெருமகனுக்குச் சிலை வைக்கும்படி நான் கேட்கவில்லை. அவர் யாருக்காக எழுதினாரோ அவர்கள் கையில் அவருடைய எழுத்து போய்ச் சேர வேண்டும் என்றே கேட்கிறேன்.

அவருடைய ஆங்கிலம் வழக்கறிஞர்களுக்கே கடினமானது. எனவே வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் வழக்கறிஞர்களைக் கொண்டு, எட்டாம் வகுப்பு படித்தவர் தானே வாசிக்கும்படி எழுதித் தர வேண்டுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாரம் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டவும், பிற மாநிலத்தவருக்காக இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் சுருக்கம் வெளியிடவும் ஏற்பாடு வேண்டும். அவர் படித்த மாவட்டம் என்பதால், அவருடைய பிறந்த நாளான நவம்பர் 15 அன்று கடலூர் மத்திய சிறையில் இதைத் தொடங்கிவைக்குமாறும், வாசித்துக் காட்டும் பணிக்கு எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு அனுமதி வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சட்டத் தன்னார்வலர், சிதம்பரம்.