ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படையில் சேருவதற்கான ஒப்புதல் படிவத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் திங்கட்கிழமை கொடுத்தனுப்பினோம். பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. மீதி ஏன் வரவில்லை என்று வகுப்பாசிரியர்கள் விசாரித்தபோது, "பேரு குடுத்தா பிறகு மிலிட்டரிக்குப் பிடிச்சுட்டுப் போயிருவாங்களாமே" என்று பல வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. என்.சி.சி. 1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நடக்கிறது. அதில் சேரும் மாணவருக்கு ராணுவத்தில் பணியாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டு பயிற்சி எடுத்துவிட்டு உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கலாம், கடை வைக்கலாம், விவசாயம் பார்க்கலாம்.

போன ஆண்டு ஒரு பாட்டி நேரே என் அறைக்கே வந்துவிட்டார். "காலங்காத்தால பச்சப் புள்ளைகள நிக்க வச்சு சாவுதான், சாவுதான்னு கத்துறாகளே, இது நல்லாவா இருக்கு?" என்றார். அது 'சாவ்தான்', விறைப்பாக நிற்கச் சொல்லும் இந்திக் கட்டளை என்று விளக்கினேன். "அதத் தமிழ்லயே சொன்னா என்னவாம்?" என்று திருப்பிக் கேட்டார். நாடு முழுவதும் ஒரே கட்டளைதான் பாட்டி என்று சொல்லி அனுப்பினேன். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை.

பள்ளிப் பருவத்தில் இது இரண்டு ஆண்டு பயிற்சி. அணிவகுப்பு, துப்பாக்கி பிரித்துப் பூட்டுவது, வரைபடம் பார்ப்பது, முதலுதவி எல்லாம் அதில் உண்டு. பரேடு வகுப்புகளில் 75 சதவீதம் வருகையும் ஒரு முகாமும் இருந்தால் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். முகாம் பத்து நாள். பெண் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தனி, பெண் பொறுப்பாளர்களும் கூடவே இருப்பார்கள். பரேடு முடிந்ததும் பூரியும் கிழங்கும் கிடைக்கும். பாதிப் பேர் சேருவதே அதற்குத்தான் என்று எங்கள் என்.சி.சி. ஆசிரியர் சொல்வார், நான் மறுத்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். வகுப்பில் பாடம் வாசிக்க எழுப்பினால் தரையைப் பார்த்தபடி நிற்பவன். ஒரு பரேடு நாள் காலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, பெல்ட்டின் பித்தளைப் பக்கிளைப் பழைய பனியன் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். அன்று பட்டாலியனிலிருந்து வந்த ஹவில்தார் முப்பது பேருக்குக் கட்டளை கொடுக்க அவனை முன்னால் நிறுத்தினார். 'தேஸ் சல்' (வேகமாக நட) என்ற கட்டளை கீச்சென்று வந்தது. வரிசை மொத்தமும் சிரித்தது. அடுத்த வாரமும் அவனையே நிறுத்தினார். அதற்கடுத்த வாரமும். நான்காவது வாரம் அந்தக் குரல் என் அறை வரை கேட்டது. அவன் ராணுவத்துக்குப் போவானா என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் மீன் பண்ணை வைக்கப்போவதாகச் சொல்கிறான்.

இனி, ராணுவத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு. குறிப்பாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு.

பட்டாளம் என்றாலே நம் ஊரில் ஆள் எடுப்பு, ஓட்டம், மார்பளவு என்பதுதான் நினைவுக்கு வருகிறது. 2022 முதல் அந்த வழி அக்னிவீர் என்று மாறியிருக்கிறது. நான்கு ஆண்டு பணி, அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரம். அதுவும் மதிப்புள்ள வேலைதான், குறைத்துப் பேசவில்லை. ஆனால் நேரடியாக லெப்டினன்ட், அதாவது அதிகாரி ஆகச் சேரும் கதவு ஒன்று தனியாக இருக்கிறது என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியவே இல்லை. எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு யு.பி.எஸ்.சி. எனப்படும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டே எழுதலாம். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்தப் பாடப் பிரிவும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பயிற்சிக்கான செலவை அரசே ஏற்கிறது. பெண்களும் 2022 முதல் அங்கே சேருகிறார்கள். அந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண். நம் மேல்நிலைப் பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தவர்கள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தடுக்கி விழுவது ஆங்கிலத்தில்தான். பொது அறிவுத் தாளின் 600 மதிப்பெண்ணில் 200 ஆங்கிலத்துக்கு. வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். நியாயமில்லை என்பதற்காகத் தேர்வை விட்டுவிடவும் முடியாது. எனவே இந்த மாதம் முதல் மாலை 4.30 மணிக்கு இருபது நிமிடம் ஆங்கில நாளிதழ் வாசிப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

எழுத்துத் தேர்வில் தேறினால் எஸ்.எஸ்.பி. எனப்படும் படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணல், ஐந்து நாள். முதல் நாள் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். பிறகு அதே படத்தைப் பற்றிக் குழுவாகப் பேச வேண்டும். அதில் தேறாதவர்களுக்கு அன்றே டிக்கெட். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த நாட்களில் பலகை, டிரம், கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் குழுவோடு தடையைத் தாண்டச் சொல்வார்கள். யார் சத்தம் போடுகிறார்கள், யார் மற்றவர் சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வார்கள். இதற்கென்று மனப்பாடப் பதில்கள் விற்கும் கோச்சிங் சென்டர்களுக்குப் பணம் கட்டாதீர்கள் என்பது என் யோசனை.

நம் பழைய மாணவி ஒருத்தி போய் வந்தாள். "முதல் நாளே பெட்டியக் கட்டச் சொல்லிட்டாங்க சார்" என்று என் முன்னால் உட்கார்ந்து சிரித்தாள். முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் தருகிறார்கள், ஊர் பார்த்ததுதான் மிச்சம் என்றாள். இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே மறுபடியும் தயாராகிறாள்.

அந்தக் கல்லூரி வழியைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு வாய்ப்பு முடிந்துவிடுவதில்லை. கல்லூரி என்.சி.சி.யில் மூன்று ஆண்டு முடித்து 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். இது என்.சி.சி. சிறப்பு நுழைவு. ஆண், பெண் இருவருக்கும் உண்டு. தேர்வானால் பயிற்சி நம் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், 49 வாரம். பெண்கள் அங்கே 1992 முதலே பயிற்சி பெறுகிறார்கள்.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். பட்டப்படிப்பு மூன்று ஆண்டு, 'சி' சான்றிதழுக்கும் மூன்று ஆண்டு. முதலாம் ஆண்டிலேயே பெயர் கொடுக்காவிட்டால் போச்சு. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது விடுதியும் பஸ் வசதியும் விசாரிப்பதுபோல என்.சி.சி. இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என்.சி.சி. சிறப்பு நுழைவில் கிடைப்பது குறுகிய காலப் பணி: பத்து ஆண்டு, விருப்பமிருந்தால் மேலும் நான்கு. அதோடு வெளியே வந்தால் மாத ஓய்வூதியம் கிடையாது. தட்டைப் பாதம், நிறக்குருடு போன்றவை மருத்துவப் பரிசோதனையில் தடையாகும். கண்ணை இப்போதே ஒரு முறை காட்டிவிடுங்கள். திருவிழாவில் கண்ட இடத்தில் பச்சை குத்திக்கொள்ள விடாதீர்கள்.

இன்னொன்று, அம்மாக்கள் கேட்காமல் கேட்பது. ஆம், உயிருக்கு ஆபத்து உள்ள வேலைதான். பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் இறந்தார். வீரத்துக்கான அசோகச் சக்கர விருது அவருடைய மனைவியின் கையில்தான் வந்து சேர்ந்தது. இதை மறைத்துவிட்டு உங்களிடம் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் படிவம் அந்த முடிவுக்கான கையெழுத்து அல்ல. அதை உங்கள் பிள்ளை வளர்ந்த பிறகு அவர்களே எடுப்பார்கள்.

வரும் சனிக்கிழமை மாலை 3 மணிக்குக் கூட்ட அறையில் சந்திப்போம். அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். படிவம் திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: ஷூ அளவை வீட்டிலேயே சரியாக அளந்து எழுதுங்கள். போன முறை "வளர்ற பிள்ளை" என்று இரண்டு அளவு கூட்டி எழுதியதில் பத்துப் பேர் ஷூவுக்குள் துணி அடைத்துக்கொண்டு நடந்தார்கள்.