பூனையும் படர்தாமரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளின் கையில் வட்டமாகச் சிவந்து தடித்தபோது, பூச்சிக்கடி என்று நினைத்து வீட்டில் கிடந்த களிம்பைத் தடவினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாள் அரிப்பு அடங்கியது. அப்புறம் தோள் வரை பரவிவிட்டது. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் பூனை இருக்கிறதா?"

இருக்கிறது. மகளுக்கு வந்தது படர்தாமரை; மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான் காரணம். பெயரில் நாய் இருந்தாலும் (லத்தீனில் 'கேனிஸ்' என்றால் நாய்) அது அதிகம் குடியிருப்பது பூனையிடம்தான். வழக்கமாகக் காதோரத்திலும் முகத்திலும் முடி கொட்டிச் செதில் படியுமாம். எங்கள் பூனையோ பளபளவென்று இருந்தது! அறிகுறியே காட்டாமல் பூஞ்சையைச் சுமக்கும் பூனைகளும் உண்டு.

உதிர்ந்த முடியில் இதன் வித்துகள் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். ஆகவே மகளுக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. பூனைக்கும் சிகிச்சை, கூடவே மெத்தை, சோபா, சீப்பு என்று வாரக்கணக்கில் சுத்தம் செய்தோம். பூனையைத் துரத்தச் சொன்னவர்களும் உண்டு. எதற்கு? இது குணமாகிற நோய்தானே.

தடுப்பூசிக்குப் பூனையைக் கொண்டுபோகும்போதே கால்நடை மருத்துவர்கள் இதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்